ரோசாவும் எருமைத் தயிரும்: திருகோணமலைக் குறிப்புகள்

2024 ஜனவரி 13, சனி

ஹொரவப்பொத்தானையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் பஸ் நின்றுவிட்டது. எங்கோ ஒரு குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் போகிறது. முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் ஒரு கார், அதற்கும் முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்று தடியூன்றி ஆழம் பார்க்கும் பொலிஸ்காரர் ஒருவர். அவர் கை காட்டும்வரை ஒருவரும் அசைய முடியாது. கண்டக்டர் மட்டும் மிகவும் உற்சாகமாக இருந்தார். இந்த வருஷம் வேளாண்மைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்று ஒவ்வொரு சீற்றுக்கும் தனித்தனியாக வந்து சொன்னார்.

பக்கத்துச் சீற்றில் மொறவெவவில் இறங்க வேண்டிய சிங்கள அம்மா ஒருவர். மடியில் அவித்த கச்சான் பை. கேட்காமலே என் கையை விரித்து ஒரு பிடி வைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்தால் ஒரு முழு வசனம் தேறாது. எங்கே போகிறேன் என்று கேட்டார். நூற்றைந்து வருடங்களுக்கு முன்னர் பேர்ளினில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன் என்பதை எந்த மொழியில் சொல்வது? "தைப்பொங்கல்" என்றேன். "ஆ, பொங்கல்!" என்று இன்னொரு பிடி கச்சான் வந்தது.

அது முழுப் பொய்யும் இல்லை. திருகோணமலையில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் இருக்கிறது. மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பேர்க்கின் நினைவு நாளில் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிற எனக்கு அவருடைய மூலதனத் திரட்சி பற்றிய நூலில் பல வருடப் பிடிப்பு. சரி என்றேன். ஜனவரி 15 தைப்பொங்கலாயிற்றே என்று பிறகு தொலைபேசியில் கேட்டபோது, "தங்கச்சி, அவ செத்த நாளை நாங்கள் மாத்த ஏலுமோ?" என்றார் கூட்டத்தை ஒழுங்கு செய்த தோழர்.

பஸ் நின்ற நேரத்தில் குறிப்புகளைப் புரட்டினேன். பிறந்தது 1871 மார்ச் 5, ஸமோஷ்ச், அன்றைய ரஷ்யச் சார் ஆட்சிக்குட்பட்ட போலந்து ஊர். யூதக் குடும்பம். சிறுவயதில் இடுப்பில் வந்த நோயால் கடைசிவரை காலைச் சாய்த்து நடந்தவர். கைதாகப் போகிறார் என்று தெரிந்ததும் 1889 இல் சூரிச்சுக்குத் தப்பினார். அங்கே 1897 இல் போலந்தின் கைத்தொழில் வளர்ச்சி பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம். பிறகு ஜேர்மன் பிரஜாவுரிமைக்காகப் பெயரளவில் ஒரு கலியாணம், 1898 இல் பேர்ளின். போய் இறங்கியதுமே ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் பெரிய தலையான எடுவார்ட் பேர்ன்ஸ்டைனோடு மோதல். முதலாளியம் தன்னைத் திருத்திக்கொண்டு போகிறது, புரட்சி தேவையில்லை, சின்னச் சின்னச் சீர்திருத்தங்களே போதும் என்றார் அவர். ரோசா சீர்திருத்தங்களுக்கு எதிரானவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சம்பள உயர்வும் எட்டு மணிநேர வேலையும் போராட்டத்தின் வழி, அவற்றையே இலக்காக்கினால் போகிற இடமே வேறாகிவிடும் என்பதுதான் அவர் வாதம். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட ஆகவில்லை.

இருட்டியபிறகுதான் பாலையூற்றில் தோழரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். மீன் இல்லை. "கடல் குழப்பம், போட்டுகள் போகயில்லை. வந்த மீனும் வாங்கிற விலையில இல்லை" என்றார் அவரின் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவது. மரக்கறி கொஞ்சம் மலிவாக இருக்குமே என்றேன். கரட் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, பாக்கவேணும் எண்டால் சந்தைக்குப் போய்ப் பாக்கலாம், அதுக்குக் காசு வேண்டாம் என்றார்.

ஜனவரி 14, ஞாயிறு

காலையில் மழை விட்டிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. பரோட்டா 80, பிளேன்ரீ 50, பால் தேத்தண்ணி 120. விலைப் பலகையில் பழைய இலக்கங்களுக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய இலக்கம் எழுதியிருந்தது. பால் தேத்தண்ணிக்கு நேரே தாளுக்கு மேல் தாள், விரலால் தடவினால் தடிப்புத் தெரிகிறது. "நாங்க கூட்டல்ல டீச்சர், அரசாங்கம் கூட்டியிருக்கு" என்றார் நானா. இந்த மாதம் முதலாம் தேதியிலிருந்து வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் அளவில் கடன் தர ஒத்துக்கொண்டது. அந்த இணக்கத்தில் வரி வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்பது முக்கியமான ஒன்று. அந்த வரி கடைசியில் எங்கே வந்து ஒட்டுகிறது என்றால், நானாவின் பலகையில்.

ரோசா 1913 இல் வெளியிட்ட 'மூலதனத் திரட்சி'யில் சர்வதேசக் கடன்கள் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் எகிப்து வருகிறது. கால்வாய், நீர்ப்பாசனம், பருத்தி, கரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பாவிலிருந்து கடன். வந்த காசு இயந்திரத்துக்கும் கட்டுமானத்துக்குமாக ஐரோப்பியக் கம்பனிகளுக்கே திரும்பிப் போனது. வட்டி மட்டும் நின்றது. அதைக் கட்டியது வயலில் நின்ற எகிப்திய விவசாயி, வரியாகவும் கட்டாய உழைப்பாகவும். கட்ட முடியாத கட்டத்தில், 1882 இல், பிரித்தானியப் படை வந்து இறங்கியது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நானாவிடம் சொன்னேன், சுருக்கமாகத்தான். "அப்ப அந்தக் காலத்திலயும் பேங்க்காரன் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பரோட்டாவை வீசப் போய்விட்டார்.

கடையை விட்டு வெளியே வந்தபோதுதான் அந்த விபத்து. கூட்டத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு கட்டுப் போட்டோக்கொப்பி எடுத்திருந்தோம். தோழர் அதை வாசல் வாங்கில் வைத்துவிட்டுக் காசு கொடுக்கத் திரும்பினார். இந்த ஊரில் புள்ளிமான் பஸ் நிலையத்தில் நிற்கும், கடை வாசலில் நிற்கும், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கிளைக்கொம்பன் வந்து பையில் தலையை விட்டு, நாங்கள் ஓடிவருவதற்குள் மேலிருந்த தாள்களை உருவி மென்றுகொண்டிருந்தது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். அது கண்ணைக்கூடச் சிமிட்டாமல் மறு நுனியை விழுங்கியது. பேர்ன்ஸ்டைனுக்கு எதிரான பக்கங்கள் முழுதாகப் போய்விட்டன. "சீர்திருத்தவாதி மான்" என்றார் தோழர். எச்சில் பட்ட மிச்சத் தாள்களைத் துடைத்து எடுத்துக்கொண்டோம்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி கோட்டைக்குள்ளால்தான். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கல்லிலேயே எழுப்பிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர், 1795 இல் பிரித்தானியர். இப்போது உள்ளே எங்கள் இராணுவ முகாம். பொங்கலுக்கு முதல் நாள் என்பதால் நல்ல சனம். சுவாமிமலை உச்சியில் நின்றால் கீழே கடல் கறுத்துப்போய்க் கிடந்தது, காற்று சேலையைப் பறித்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

பின்னேரம் சீனக்குடாப் பக்கம் ஆட்டோவில் போனோம். தோழர் பார்க்க வேண்டும் என்று சொன்னது எண்ணெய்க் குதங்களை. வெளியிலிருந்து பார்க்கக் காடும் வேலியும்தான். இடைக்கிடை மரங்களுக்குள்ளால் துருவேறிய ஒரு வட்டச் சுவர் தெரியும், மறையும். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இன்று இருப்பவை 99. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு.

தோழரின் தகப்பன் பிரித்தானியர் காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தவர். "1957 இல வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் குடுத்திட்டுப் போனான். நாடு கொண்டாடிச்சுது. அப்பாவுக்கு வேலை போச்சு. அவர் பண்டாரநாயக்காவையும் திட்டினார், வெள்ளைக்காரனையும் திட்டினார், கடைசியில கட்சியில சேந்தார்" என்றார்.

ஆட்டோவுக்குள் மழைக்கு மறைப்பை இறக்கிவிட்டு இருந்தபடியே ரோசாவின் அடிப்படைக் கேள்வியைப் பற்றிக் கதைத்தோம். முதலாளி இலாபத்தின் ஒரு பகுதியைத் திரும்ப முதலீடு செய்து உற்பத்தியைப் பெருக்குகிறார். பெருகிய சரக்கை யார் வாங்குவது? தொழிலாளியிடம் அவ்வளவு காசில்லை. முதலாளிகளே ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டே எவ்வளவு தூரம் போவது? ஆகவே முதலாளியத்துக்கு எப்போதும் தனக்கு வெளியே ஓர் உலகம் வேண்டும் என்றார் ரோசா. விவசாயிகள், கைவினைஞர்கள், குடியேற்ற நாடுகள். அந்த வெளியை அது தின்று முடிக்கும் நாளில் தானும் முடியும். இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று ஒட்டோ பவுவர் முதல் புகாரின் வரை மார்க்சியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மார்க்சின் மறு உற்பத்தி அட்டவணைகளை ரோசா பிழையாக வாசித்தார் என்பது அவர்கள் வாதம். கணக்கில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் படைச்செலவு பற்றி அவர் எழுதியது வேறு ரகம். சனத்திடம் சல்லி சல்லியாகப் பிரியும் காசு வரியாகத் திரண்டு ஒரே பெரிய கொள்வனவாக அரசின் கைக்கு வருகிறது. போர்க்கப்பலுக்கும் பீரங்கிக்கும் ஓடர் கொடுக்கிறவர் ஒரே ஆள். மழையும் விளைச்சலும் அந்தச் சந்தையைத் தொடாது. இந்தத் தாங்கிகளைக் காட்டுக்குள் கட்டியவர்கள் திருகோணமலையில் யாருக்கு எண்ணெய் விற்கக் கட்டினார்கள்?

திரும்பும்போது காந்தி சிலையடியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இதற்குப் பக்கத்தில்தான். தோழர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடலை வண்டிக்காரரிடம் நூறு ரூபாய்க்கு வாங்கித் தந்தார்.

ஜனவரி 15, திங்கள், தைப்பொங்கல்

விடியற்காலை நாலரைக்கே அக்கா எழுந்துவிட்டார். முற்றத்தில் கோலம் போட்டு முடிக்க மழை. நாலு தடியில் தகரம் ஒன்றைக் கட்டி அதற்குக் கீழே அடுப்பு. விறகு நனைந்து புகைந்துகொண்டிருந்தது, தோழர் பக்கத்தில் இருந்து ஊதிக்கொண்டிருந்தார். சூரியன் வரவில்லை, பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, அது போதும் என்று சங்கு ஊதினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கொளுத்திய வெடியில் பாதி நமுத்துப்போனது. நான் தோழரோடு உரை பற்றிக் கதைக்கத் தொடங்க, "இண்டைக்குச் சாப்பிட்டு முடிக்கும் மட்டும் மார்க்ஸ் வெளியில நிக்கட்டும்" என்றார் அக்கா. பயறு போட்ட சர்க்கரைப் புக்கை, மேலே நெய்யும் முந்திரிகை வற்றலும். மார்க்ஸ் நெடுநேரம் வெளியில் நின்றார்.

கூட்டம் மூன்று மணிக்கு ஒரு வாசிகசாலை மண்டபத்தில் என்று ஏற்பாடு. போனால் பூட்டு. திறப்பு வைத்திருந்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார், தொலைபேசியும் எடுக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் குடையோடு தோழர் வீட்டுக்கே நடந்தோம். திண்ணையில் பாய், முற்றத்தில் காலையில் பொங்கிய தகரத்துக்குக் கீழே கதிரைகள். பதினைந்து பேருக்குக் கொஞ்சம் குறைவு. அக்கா முகத்தைச் சுளிக்கவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் புக்கை கொடுத்துவிட்டுத் தானும் ஓர் ஓரத்தில் இருந்து கேட்டார்.

கடைசி நாட்களிலிருந்து தொடங்கினேன். போரை எதிர்த்ததற்காக ரோசா முதலாம் உலகப் போரின் பெரும் பகுதியைச் சிறையில் கழித்தார். 1914 ஓகஸ்ட் 4 அன்று அவருடைய கட்சியே நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்குக் கை தூக்கியது. 1918 நவம்பரில் புரட்சி வெடித்து ப்ரெஸ்லவ் சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு மிச்சம் இருந்தது இரண்டு மாதமும் சில நாட்களும். ஆண்டு முடிவில் ஜேர்மன் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது தேர்தலில் பங்குகொள்ள வேண்டும் என்று வாதாடினார். அவருடைய தோழர்களே அதைத் தோற்கடித்தார்கள். ஜனவரி எழுச்சி காலம் கனியாதது என்று தெரிந்தும் பேர்ளினை விட்டுப் போகவில்லை. 15 ஆம் தேதி அவரும் அவருடைய கட்சித் தோழர் கார்ல் லீப்க்னெக்டும் பிடிபட்டார்கள். ரோசாவை ஒரு ஹோட்டல் வாசலில் துவக்குப் பிடியால் தலையில் அடித்து, காரில் சுட்டு, உடலைக் கால்வாயில் போட்டார்கள். மே 31 இல்தான் உடல் கிடைத்தது. அந்தப் படைகளை ஏவிய அரசு அவர் முன்பு இருந்த கட்சியின் அரசு.

வெகுசன வேலைநிறுத்தம் பற்றிச் சொல்லும்போது ஒரு முதியவர் இடைமறித்தார். 1964 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என்று பிரிந்தபோது ந. சண்முகதாசன் பக்கம் நின்றவர். 1905 ரஷ்யாவைப் பார்த்துவிட்டு ரோசா எழுதியது, எழுச்சி மேலிடத்து உத்தரவில் பிறப்பதில்லை, சனம் எழும்பியபிறகுதான் கட்சி பின்னால் ஓடிப் பிடிக்கிறது என்பது. "எங்களுக்கு இது புத்தகத்தில வரயில்லை பிள்ளை" என்றார். 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன சாதி எதிர்ப்பு ஊர்வலத்தில் அவர் நடந்திருக்கிறார். "தேத்தண்ணிக் கடையில எங்களுக்குப் போத்தில்ல தந்தாங்கள். கிளாசில தா எண்டு ஒருத்தன் கேட்டான். அவனுக்குக் கட்சி ஒண்டும் சொல்லி அனுப்பயில்லை." நான் தயார் செய்த இரண்டு பக்கத்தை விட்டுவிட்டேன். அவர் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பிறகு ரஷ்யப் புரட்சி. சிறையில் இருந்தபடி புரட்சியை வரவேற்றுக்கொண்டே லெனினையும் ட்ரொட்ஸ்கியையும் கண்டித்து அவர் எழுதியது 1922 இல் தான் அச்சில் வந்தது. அரசோடு ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சுதந்திரம் சுதந்திரமே அல்ல, மாற்றாக நினைப்பவருக்குக் கிடைப்பதே சுதந்திரம் என்ற வரி அதில் உள்ள ஓரக்குறிப்பு. இதைச் சொன்னதும் திண்ணையில் ஒருவரும் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. மாற்றுக் கருத்துக்காகத் தமிழ் ஆயுத இயக்கங்களின் கையாலேயே செத்துப்போனவர்களில் ஆளுக்கொருவரையாவது தெரிந்த தலைமுறை அது.

சண்டை வந்தது தேசியப் பிரச்சினையில். வரும் என்று தெரியும். போலந்துக்காரியான ரோசா போலந்தின் தனிநாட்டுக் கோரிக்கையை எதிர்த்தார். அவருடைய கலாநிதி ஆய்வின் முடிவே போலந்துக் கைத்தொழில் ரஷ்யச் சந்தையை நம்பியே வளர்ந்தது என்பதுதான். 1908-09 இல் எழுதிய கட்டுரைகளில், தேசம் என்று ஒரே விருப்பமுள்ள ஒரு முழுப்பொருள் கிடையாது, அதற்குள் வர்க்கங்கள்தான் உண்டு என்றார். லெனின் 1914 இல் பதில் எழுதினார்: ஒடுக்கப்பட்ட தேசத்துக்குப் பிரிந்துபோகும் உரிமையை மறுப்பவர், விரும்பியோ விரும்பாமலோ, ஒடுக்கும் தேசத்தின் பக்கம் போய் நிற்கிறார்.

"அப்ப அவ எங்களுக்கும் இதையே சொல்லியிருப்பா" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கோபமாக. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவருக்கு ஆறு வயது. ரோசா 1900 இல் ஜேர்மன் ஆட்சிக்குட்பட்ட போலந்துப் பகுதியில் பிள்ளைகளின் மொழியைப் பறிப்பதை எதிர்த்துப் போலந்து மொழியில் ஒரு சிறுநூல் எழுதியவர் என்று நினைவூட்டினேன். "மொழியைக் குடு, நாட்டைக் கேளாதை. இது கொழும்பில எத்தனை பேர் சொன்ன கதை!" என்றார். எனக்குப் பதில் இல்லை. சரியாகத்தான் கேட்டார்.

அப்போது கிண்ணியாவிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை, அதுவரை குறிப்பு எடுத்துக்கொண்டு மட்டும் இருந்தவர், பேனையை மூடினார். "சேர், கோவிக்காதீங்க. ஒங்கட தேசத்துல எங்கட ஊர் எங்க வருது? இந்த மாவட்டத்துல நாங்க மூணு சமூகமும் கலந்து இருக்கம். தேசத்துக்குள்ள ஆர் இருக்காங்க எண்டு அந்தப் பொம்புள கேட்டது எனக்கு வெளங்குது." ஆசிரியர் பதில் சொல்லத் தொடங்கினார், முதியவர் அவரை மறித்தார், துறைமுகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எல்லோரையும் மறித்தார். முக்கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

எனக்கு ஓர் எண்ணம் உண்டு, சொல்லிவிடுகிறேன். போலந்து விஷயத்தில் ரோசா பிழைவிட்டார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்த அதே மாதம் போலந்து தனிநாடாகியது, அவருடைய பொருளாதாரக் கணக்கு அதைத் தடுக்கவில்லை. சனத்துக்கு அவமானம் என்று ஒன்று உண்டு, அதை ஏற்றுமதி அட்டவணையில் போட முடியாது. ஆனால் கிண்ணியா ஆசிரியையின் கேள்விக்கு லெனினிடமும் நேரான பதில் இல்லை. லெனின் 1922 இல் ரோசாவின் பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, கழுகு சிலவேளை கோழிக்குக் கீழேயும் பறக்கும், கோழி ஒருநாளும் கழுகின் உயரத்துக்குப் போகாது என்று எழுதினார். அதை வாசித்துக் கூட்டத்தை முடித்துவைக்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்கு யாரும் விடவில்லை. ஏழு மணிக்கு மின்சாரம் போனது, அக்கா அரிக்கன் லாம்பு கொண்டுவந்து வைத்தார், சண்டை தொடர்ந்தது.

ஜனவரி 16, செவ்வாய்

தோழரின் மகன் மோட்டார் சைக்கிளில் சம்பூருக்குக் கூட்டிப்போனார். கிண்ணியாப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. மூதூர் தாண்டும்வரை தூறல்.

சம்பூர் சனம் 2006 இல் போரால் எழும்பிப் போனவர்கள். போர் முடிந்தும் வருடக்கணக்காக முகாம்களில் இருந்தார்கள். அவர்களுடைய காணியில் கைத்தொழில் வலயம் என்று 818 ஏக்கர் ஒரு கம்பனிக்குப் போனது, இன்னொரு பகுதி அனல் மின் நிலையத்துக்கு. 2015 இல் வலய ஒப்பந்தம் நீக்கப்பட்டது, 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது, சனம் கட்டம் கட்டமாகத் திரும்பியது. சந்தைக்கு வெளியே தன்பாட்டில் சீவிக்கும் சனத்தின் நிலத்தை மூலதனம் எப்படி எடுக்கிறது என்பதற்கு ரோசா அல்ஜீரியாவையும் இந்தியாவையும் காட்டியிருந்தார். முதலில் படை, பிறகு சட்டம், பிறகு வரி. சம்பூரில் பற்றைக்குள் நிற்கும் வீட்டு அத்திவாரங்களைப் பார்த்தபோது அந்த அத்தியாயத்துக்கு உதாரணம் தேடி நான் இனி அல்ஜீரியா போகவேண்டியதில்லை.

வீதியோரத்தில் எருமைப் பட்டி ஒன்று. தண்ணீர் நின்ற பள்ளத்தில் கழுத்துவரை புதைந்து கிடந்தன, முதுகில் கொக்கு. பக்கத்துக் கொட்டிலில் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஓர் அம்மா. மழைக்கு ஒதுங்கினோம். வாழையிலைத் துண்டில் தயிர் வைத்து மேலே சீனி தூவித் தந்தார். வெட்டியெடுத்தால் விளிம்பு உடையாத கெட்டித் தயிர், மேலே மஞ்சளாய் ஆடை. எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரோசாவின் கடிதம் வாயில் வந்துவிட்டது.

1917 டிசம்பர், ப்ரெஸ்லவ் சிறை. கார்ல் லீப்க்னெக்டின் மனைவி சோபிக்கு எழுதுகிறார். ருமேனியாவிலிருந்து போரில் பிடித்த எருமைகளை இராணுவ வண்டியில் கட்டிச் சிறை முற்றத்துக்கு ஓட்டி வந்தார்கள். கிழிந்த, இரத்தக் கறை படிந்த சிப்பாய் உடுப்புகள் வண்டி நிறைய. பாரம் கூடியதால் வாசற்படியில் ஏற முடியவில்லை. வண்டி ஓட்டிய சிப்பாய் சவுக்கின் தடித்த முனையால் அடித்தான். விலங்குகள் மேல் இரக்கமில்லையா என்று காவற்காரி கேட்க, மனிதர்மேல் யாருக்கு இரக்கம் இருக்கிறது என்றான். எருமைத் தோல் தடிப்புக்குப் பெயர் போனது, அந்தத் தோலே கிழிந்து இரத்தம் வடிந்தது. சாமான் இறக்கும்போது அந்த எருமை அழுது முடித்த குழந்தையின் முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டு நின்றது. எதிரே நின்ற ரோசாவும் அழுதார். மலைக்கும் புல்வெளிக்கும் அந்த எருமைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எழுதினார். படைச்செலவு பற்றிய அத்தியாயத்தை எழுதிய அதே கைதான்.

தயிர்க்கார அம்மா சட்டியைத் துணியால் மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "2006 இல ஓடேக்க நாங்க மாட்டை அவுத்து விட்டிட்டுத்தான் போனம். திரும்பி வரேக்க ஒண்டும் இல்லை. இது பிறகு கடன்பட்டு வாங்கினது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கடிதம் எழுதின பொம்பிளை பிறகு என்னவானா?"

"சுட்டுக் கால்வாயில போட்டிட்டாங்கள் அம்மா."

"வழக்கு நடந்ததா?"

இந்த மாவட்டத்தில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நடந்தது. 1919 மே மாதம் இராணுவ நீதிமன்றம். துவக்குப் பிடியால் அடித்த சிப்பாய்க்கு இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகம். ஓர் அதிகாரிக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும், அவர் கள்ளப் பாஸ்போட்டில் ஒல்லாந்துக்குப் போய்விட்டார். கொல்லச் சொன்ன கப்டன் பாப்ஸ்ட் மீது வழக்கே இல்லை. 1970 இல் வயது முதிர்ந்து செத்தார்.

"காந்தி சிலையடிப் பொடியங்கட வழக்கும் முடிஞ்சுதுதானே" என்றார் மகன். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அதிரடிப்படையினர் உட்பட குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது.

அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை, சட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார். ஒரு லீற்றர் 500. யாழ்ப்பாணம் மட்டும் என்றேன். அப்படியானால் சரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போ, பஸ் தட்டில் வைக்காதே, ஹொரவப்பொத்தானை வீதி குலுக்கும் என்றார். கித்துள் பாணி வேண்டுமா என்றும் கேட்டார், அது போத்தல் 900. வேண்டாம் என்றேன். மழை விட்டிருந்தது.